மணி அடிக்காமலே போகும் அழைப்புகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஒரே குறையைப் பல பேர் எழுதியிருக்கிறீர்கள். போன் கையிலேயே இருக்கிறது, மணி அடிக்கவில்லை, கூப்பிட்டவருக்கு மட்டும் வாய்ஸ்மெயில் கேட்கிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். மூன்று வாரமாக என் போனுக்கு ஒரு அழைப்புகூட வருவதில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு ரிங்கே போகாமல் நேராக வாய்ஸ்மெயில் கேட்கிறதாம். சிக்னல் முழுதாக இருக்கிறது. இன்டர்நெட் ஓடுகிறது. நான் யாரைக் கூப்பிட்டாலும் போகிறது. வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்ததிலிருந்து வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு இடங்களிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாயிற்று. அப்படியும் சரியாகவில்லை. திரையின் மேலே அம்புக்குறி போட்ட சின்ன போன் படம் ஒன்று மட்டும் போகாமல் நிற்கிறது. போனை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். பழைய சிம்மைப் புதுப் போனில் போட்டாலும் இதேதான் நடக்கும். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்த அம்புக்குறி. உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடப்படுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். போனின் செட்டிங்ஸில் இதற்கு கால் ஃபார்வர்டிங் என்று பெயர்.

இதழ் வரும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் இவருக்கு அன்றைக்கே பதில் அனுப்பினேன். டயல் செய்யும் இடத்தில் *#21# என்று அடித்து, கூப்பிடும் பொத்தானை அழுத்தி, வருவதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அழைப்புகள் திருப்பப்படுகின்றன என்று ஒரு வரியும், கீழே ஒரு எண்ணும் வந்திருந்தன. அது அவருடைய வாய்ஸ்மெயில் எண்தான். வெளிநாடு கிளம்பும்போது ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து, வருகிற அழைப்பெல்லாம் வாய்ஸ்மெயிலுக்கே போகட்டும் என்று அவரே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்த அசதியில் எடுக்க மறந்துவிட்டார். ##21# அடித்தார், அம்புக்குறி மறைந்தது. பத்து நிமிடத்தில் தம்பி கூப்பிட்டான், மணி அடித்தது என்று எழுதியிருந்தார்.

போனை முழுக்க அழித்த பிறகும் அது ஏன் போகவில்லை? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீணாக ரீசெட் செய்து படங்களையும் குறிப்புகளையும் இழந்தவர்கள் நிறையப் பேர். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கே தினமும் கேட்ட அழுகை இது.

ஒருவர் உங்கள் எண்ணை அழுத்தினால் அந்த அழைப்பு நேராக உங்கள் போனைத் தேடி வருவதில்லை. முதலில் உங்கள் நெட்வொர்க்கின் பதிவேட்டுக்குப் போகிறது. அங்கே உங்கள் எண்ணுக்கென்று ஒரு பக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அழைப்பை வேறெங்காவது திருப்பச் சொல்லியிருக்கிறீர்களா என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும். 'எல்லாவற்றையும் திருப்பு' என்று இருந்தால், நெட்வொர்க் உங்கள் போனைத் தேடக்கூடத் தேடாது. போனுக்கு ஒரு அழைப்பு வந்த சங்கதியே தெரியாது. அதனால்தான் கால் லாக், அதாவது அழைப்புப் பட்டியல், காலியாக இருக்கிறது. போனை எத்தனை முறை அழித்தாலும், அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது அப்படியேதான் இருக்கும். நெட்வொர்க்குக்கு நீங்கள் சொன்னால்தான் மாறும். ##21# என்பது அப்படிச் சொல்லும் ஒரு வழி.

திருப்புவதில் நான்கு வகை உண்டு. எல்லா அழைப்பையும் திருப்புவது 21. நீங்கள் எடுக்காவிட்டால் திருப்புவது 61. போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாமலிருந்தாலோ திருப்புவது 62. நீங்கள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் திருப்புவது 67. முன்னால் *#, பின்னால் # போட்டு அடித்தால் நிலவரம் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. *#62# அடித்தால் தெரியாத எண் ஒன்று வந்தது, யாரோ என் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பதறி எழுதுகிறவர்கள் உண்டு. 61, 62, 67 மூன்றிலும் வாய்ஸ்மெயில் எண் இருப்பது சாதாரணம். வாய்ஸ்மெயில் வேலை செய்வதே அப்படித்தான். அந்த எண் வாய்ஸ்மெயிலுடையதுதானா என்று வாடிக்கையாளர் சேவையில் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். *#21#-இல் எண் வந்தால்தான் உடனே கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்க ##002# இருக்கிறது. அதை அடித்தால் வாய்ஸ்மெயிலுக்குப் போகும் வழியும் சேர்ந்தே போய்விடும். வாய்ஸ்மெயில் தேவைப்படுகிறவர்கள் முதலில் *#61#, *#62# அடித்து அங்கே வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில நெட்வொர்க்குகளில் இந்தக் குறியீடுகள் வேலை செய்யாது. அங்கே வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, 'என் எண்ணில் எல்லா அழைப்பையும் திருப்பும் வசதி போட்டிருக்கிறதா, இருந்தால் எடுங்கள்' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'போன் அடிக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்வதில் ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடிவிடும்.

ரிங் போகிறது, ஆனால் எடுப்பதற்குள் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பையிலிருந்து போனை எடுக்கவே நேரம் போதவில்லை என்கிறார் ஒருவர். அந்த நேரத்தைக் கூட்டலாம். **61* என்று அடித்து, வாய்ஸ்மெயில் எண்ணைச் சேர்த்து, *11*30# என்று முடித்துக் கூப்பிடுங்கள். 30 என்பது நொடி. 5 முதல் 30 வரை, ஐந்து ஐந்தாக வைக்கலாம்.

அம்புக்குறியும் இல்லை, *#21#-உம் ஒன்றுமில்லை என்கிறது, அப்படியும் மணி அடிக்கவில்லை என்றால்? எதையும் மாற்றுவதற்கு முன்னால், இன்னொரு போனை எடுத்து உங்கள் எண்ணைக் கூப்பிடுங்கள். ஒரு காதில் அந்தப் போன், கண் உங்கள் போனின் திரைமேல். பிறகு உங்கள் கால் லாக்கைப் பாருங்கள். தவறிய அழைப்பு பதிவாகியிருந்தால் அழைப்பு போன் வரை வந்துவிட்டது, போனுக்குள் ஏதோ அதை அடக்குகிறது. பதிவே இல்லை என்றால் அழைப்பு வழியிலேயே நின்றுவிட்டது. சேவையில் இருந்தபோது நாங்கள் முதலில் விசாரித்ததும் இதைத்தான். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் செட்டிங்ஸைக் கிளறினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

வழியில் நின்றிருந்தால், விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அப்போது போன் நெட்வொர்க்கில் தன்னைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். சற்று நேரம் சரியாக இருந்து மறுபடி அதே கதை என்றால் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். குறை சிம்மோடு போனால் சிம்மை மாற்ற வேண்டும், இல்லை நிறுவனம் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். குறை போனோடு நின்றால் போனைக் கவனிக்க வேண்டும். எந்தப் பழுது பார்ப்பவரிடம் போவதற்கு முன்னாலும் செய்யக்கூடிய சோதனை இது, காசு செலவில்லை. இன்னொன்று: ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பு மட்டும் வரவில்லை, நீங்கள் அண்மையில்தான் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றினீர்கள் என்றால், தவறு உங்கள் பக்கம் இல்லை. அந்த நெட்வொர்க் இன்னும் பழைய இடத்திலேயே உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். புது நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இன்டர்நெட் ஓடும்போது அழைப்பு வராதது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டும் வேறு வேறு பாதை. 4ஜி தரவுக்காக உருவானது. அதன் வழியே பேசுவதற்கு வோல்ட்டி என்ற வசதி போனிலும் நெட்வொர்க்கிலும் வேண்டும். அது இல்லாத போன், ஒவ்வொரு அழைப்புக்கும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி வந்துதான் பேசும். பல நாடுகளில் அந்தப் பழைய சேவைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள், ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். இறங்க இடமில்லாத போனில் படம் ஓடும், அழைப்பு வராது, போகவும் போகாது. போகவும் இல்லை என்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் குறிப்பு. மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் வோல்ட்டி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் மட்டும் இந்தத் தொல்லை, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் வைஃபை வழியாகவே அழைப்பு வரும் வசதியான வைஃபை காலிங்கை ஒரு நாள் அணைத்துவிட்டுக் கவனியுங்கள். வைஃபை இழுத்து இழுத்து வரும் மூலையில் உட்கார்ந்திருக்கும் போன், அழைப்பை அதன் வழியாகவே எதிர்பார்த்துக் கொண்டிருக்கும், அழைப்பும் வந்து சேராது.

கேள்வி: வீட்டார் கூப்பிட்டால் அடிக்கிறது. டாக்டரின் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும் வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. ஐபோன் வைத்திருக்கிறேன். பரிசோதனை முடிவைச் சொல்ல மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதில்: பெயர் சேமிக்காத எண்களை அமைதியாக்கும் வசதி உங்கள் போனில் போட்டிருக்கிறது. 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்தது இது. தொல்லை அழைப்புகளுக்காக யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள். கால் லாக்கில் அந்த மூன்று அழைப்பும் இருக்கும், பாருங்கள். செட்டிங்ஸில் (புதிய ஐஓஎஸ்ஸில் அதற்குள் ஆப்ஸ் பட்டியலில்) போன் என்ற பகுதிக்குப் போய்த் தெரியாத எண்கள் பற்றிய பிரிவைத் திறந்து அதை எடுத்துவிடுங்கள். ஐஓஎஸ் 26இல் இதே இடத்தில் இன்னொரு தேர்வும் இருக்கிறது: கூப்பிட்டவரிடம் பெயரையும் காரணத்தையும் போனே கேட்டு உங்களுக்குக் காட்டும். தொல்லை தாங்கவில்லை என்றால் அமைதியாக்குவதைவிட இது மேல். ஆனால் மருத்துவ முடிவுக்கோ வேலைக்கோ காத்திருக்கும் நாட்களில் இரண்டையுமே எடுத்துவிடுவது நல்லது என்பேன். பத்து தொல்லை அழைப்பைத் துண்டிப்பது பெரிய வேலை இல்லை.

ஆண்ட்ராய்டில் கூகுளின் போன் செயலி வைத்திருப்பவர்கள் ஸ்பாம் அழைப்புகளை வடிகட்டும் வசதியைப் பாருங்கள். அது போட்டிருந்தால், ஸ்பாம் என்று அது சந்தேகிக்கும் எண் கூப்பிட்டால் தவறிய அழைப்பு அறிவிப்புகூட வராது. லாக்கைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தனியாக ஸ்பாம் தடுக்கும் செயலி ஏதாவது போட்டிருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. நான் வேண்டுமென்றே தடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லை. தடுத்த எண்களின் பட்டியலைப் பார்த்துவிட்டேன், அவர் எண் அதில் இல்லை. ஆண்ட்ராய்டு போன்.

பதில்: உங்கள் காண்டாக்ட்ஸ் செயலியில் அண்ணனின் பெயரைத் திறங்கள். மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் வரும் பட்டியலிலோ, பக்கத்தின் அடியிலோ, ரிங்டோன் மாற்றும் வரிக்குப் பக்கத்தில் 'வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒருவரின் அழைப்பை மட்டும் வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளும் வசதி. தடுத்த எண்கள் பட்டியலில் இது தெரியாது, நீங்கள் அங்கே தேடியும் கிடைக்காததற்கு அதுதான் காரணம். ரிங்டோன் வைக்கப் போய் விரல் ஒரு வரி கீழே பட்டிருந்தால் போதும். அண்ணன் பெயர் இரண்டு முறை சேமித்திருந்தால் இரண்டையும் பாருங்கள்.

அதை எடுத்துவிட்டு நீங்களே அவரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் நேரில் போய், அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். ரிங்டோனுக்கு அடுத்த வரி என்று கண்ணால் பார்த்தால் அவருக்கும் புரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு சிம் வைத்திருக்கிறேன். ஒன்றில் பேசும்போது மற்றொன்றுக்கு வருகிறவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றோ வாய்ஸ்மெயிலோ வருகிறது.

பதில்: குறை இல்லை. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசத் தொடங்கினால் மற்றது காத்திருப்பை விட்டுவிடும். இரண்டிலும் வைஃபை காலிங் போட்டு, பேசும்போது மற்ற சிம்மின் தரவைப் பயன்படுத்த அனுமதித்தால் சில போன்களில் வரும். எளிய வழி, 62 வகையில் அழைப்பு போகும் எண்ணை மாற்றி ஒரு சிம்மை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவது. அப்போது இரண்டாவது அழைப்பு கால் வெய்ட்டிங்கில் வரும்.

கேள்வி: பார்சல் கொடுக்க வந்தவர் என்று ஒருவர் பேசினார். முகவரி உறுதி செய்ய **21* என்று தொடங்கி ஒரு எண்ணையும் சேர்த்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். நேற்றிலிருந்து அழைப்பே இல்லை.

பதில்: இந்த இதழில் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய பதில் இதுதான். உங்களுக்கும் அன்றைக்கே எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். நீங்கள் அடித்தது, உங்களுக்கு வரும் எல்லா அழைப்பையும் அந்த ஆளின் எண்ணுக்குத் திருப்பும் கட்டளை. குரல் வழியாக ஓடிபி சொல்லும் அழைப்புகளும் இப்போது அவர் காதுக்குத்தான் போகும். முதலில் ##21#. பிறகு *#21# அடித்து நீங்கியதை உறுதி செய்யுங்கள். உடனே வங்கியை அவர்களுடைய அதிகாரப்பூர்வ எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உங்கள் கையைவிட்டுப் போயிருந்தால் உங்கள் எண்ணை வைத்து மறுபடி பதிவு செய்து, இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (பின் நம்பர்) போடுங்கள். காவல் துறையில் புகார் கொடுங்கள்.

உங்கள் மேல் தவறு இல்லை. எண் மாதிரி தெரியும் ஒன்றை அடித்தால் என்ன ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வாய்ஸ்மெயிலின் பின் நம்பரும் முக்கியம். நிறுவனம் கொடுத்த பின் நம்பரையே மாற்றாமல் வைத்திருந்தால், நீங்கள் எடுக்காத நேரத்தில் வாய்ஸ்மெயிலில் பதிவாகும் ஓடிபியை வெளியிலிருந்து கேட்டுவிட முடியும். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்மா, என் போன் இரவில் மட்டும் அடிப்பதில்லை. பகலில் எல்லாம் சரி. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: திரையில் பிறை நிலா மாதிரி ஒரு படம் இரவில் தெரிகிறதா? மணியை அடக்கி வைக்கும் வசதி (டூ நாட் டிஸ்டர்ப், ஐபோனில் ஃபோகஸ்) நேரம் போட்டுத் தானாக ஓடுகிறது. ஐபோனில் இந்த நேரத்தில் வரும் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகும். ஐபேடில் போட்ட ஃபோகஸ் போனுக்கும் பரவும். வீட்டில் குழந்தை ஐபேடைத் தொட்டாலும் போதும்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அடிக்கும் என்று இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐபோனில் ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் அடிக்கும். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடம். நானும் அதை நம்பித்தான் படுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்து அக்கா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அவள் போனில் சார்ஜ் இல்லை. வரவேற்பிலிருந்து ஒருமுறை, அவசரப் பிரிவிலிருந்து ஒருமுறை, மாடியில் செவிலியர் மேசையிலிருந்து ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்றும் வேறு வேறு எண். எனக்குத் தெரியாத எண்கள். எதுவும் அடிக்கவில்லை. காலை ஐந்தேமுக்காலுக்கு எழுந்து பார்த்தபோது மூன்று தவறிய அழைப்பு, ஒரு வாய்ஸ்மெயில். 'நீ ஏன் எடுக்கல' என்று மட்டும் அதில் இருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தக் குரலை நான் இன்னும் அழிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஐபோனில் அப்பாவின் பெயரைத் திறந்து, எடிட் போட்டு, ரிங்டோன் பகுதிக்குள் போங்கள். மேலேயே எமர்ஜென்சி பைபாஸ் இருக்கும். அதைப் போட்டால் எந்த ஃபோகஸிலும், போனை அமைதியில் வைத்திருந்தாலும் அடிக்கும். ஆண்ட்ராய்டில் அப்பா பெயருக்கு நட்சத்திரம் போட்டு, டூ நாட் டிஸ்டர்ப் செட்டிங்ஸில் நட்சத்திரம் போட்டவர்களின் அழைப்பை அனுமதியுங்கள். பிறகு இன்று இரவே, அந்த நேரத்தில் அப்பாவைக் கூப்பிடச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

அப்பாவின் எண்ணோடு நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டார், அவர் வழக்கமாகப் போகும் டாக்டர், மருத்துவமனை, எல்லா எண்ணையும் அதே பெயருக்குள் சேமியுங்கள். என் போனில் 'அப்பா' என்ற பெயருக்குக் கீழே இப்போது ஏழு எண்கள் இருக்கின்றன. அக்கா அன்று கூப்பிட்ட மூன்றும் அதில் சேர்த்தி.